மீன் பெட்டி ஐஸில் போன இரத்தம்

செவலை இனி எழுந்திருக்காது என்று சொல்லத்தான் அன்றைக்குத் திருப்புலி நாடு என்ற மலையூருக்குப் போனேன். சொல்லாமலே திரும்ப வைத்தார் ஆண்டவர். விசுவாசக் குடும்பமே, அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

நான் கால்நடை மருத்துவர். பிறந்தது கடற்கரையில், வேலை கிடைத்தது கொல்லிமலையில். செவலை, வெள்ளையனும் அவர் மனைவி சின்னப்பொண்ணும் வளர்க்கும் பசு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் செவலையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

போன ஐப்பசியில் அது கன்று ஈன்ற கையோடு படுத்துவிட்டது. நரம்பில் கால்சியம் ஏற்றினேன். கண் தெளிந்தது, தீனி தின்றது, ஆனால் எழவில்லை. மாடு படுத்தே கிடந்தால் அதன் பாரத்திலேயே தொடைத் தசை நசுங்கும். தசையில் இருக்கிற நொதிகள் இரத்தத்தில் கசியும். அவற்றின் அளவு ஏற ஏற, மாடு எழும் என்ற நம்பிக்கை குறையும். அதைப் பார்க்கத்தான் இரத்தம் எடுத்து, "சூடு படாம கீழ லேபுக்கு அனுப்பிடுங்க" என்று வெள்ளையனிடம் கொடுத்தேன். மலையில் எது கீழே போக வேண்டுமென்றாலும் இறங்குகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம்.

மறுநாள் முடிவு போனில் வந்தது. ஏ.எஸ்.டி., சி.கே. என்ற இரண்டு நொதிகளும் எங்கேயோ ஏறி நின்றன. பாஸ்பரஸ் குறைந்தாலும் மாடு எழாது; அது மட்டும் சரியாக இருந்தது. மூத்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். "தசை செத்திருக்கும்மா. வாயில்லா ஜீவனை வதைக்காதீங்க, அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். அந்த அளவுகளைக் கேட்டால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கொட்டகையில் சின்னப்பொண்ணு செவலையின் தலையை மடியில் வைத்து, "எந்திரி சாமி, உம்புள்ள கத்துது பாரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க சாமிகிட்டச் சொல்லியாச்சுங்க டாக்டரம்மா. உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சாணி ஈரத்திலேயே முழங்கால் போட்டேன். நீளமாக ஜெபிக்க வரவில்லை. "அப்பா, நான் பார்க்காமல் விட்டது ஏதாவது இருந்தால் காட்டும். இல்லையென்றால் இவர்களைத் தேற்ற எனக்கு ஒரு வார்த்தை கொடும்" என்றேன். அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வெள்ளையன் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தாரோ என்னவோ, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"எங்களால ஆனதெல்லாம் செஞ்சோமுங்க. ரத்தங்கூடக் கெட்டுப்போவக் கூடாதுன்னு, மீன் வண்டிக்காரரு பொட்டியில ஐஸுக்குள்ளாற நல்லாப் பொதைச்சுத்தானுங்க அனுப்புனேன்."

நான் பார்க்காமல் விட்டது அதுதான். ஐஸில் நேராகப் பட்டால் இரத்த அணுக்கள் உறைந்து உடையும். மிச்சத்தைக் கொண்டை ஊசி வளைவுகள் குலுக்கி முடிக்கும். உடைந்த அணுக்களிலிருந்து வெளிவருவது நொதி அளவுகளைக் கூட்டிக் காட்டும். பாஸ்பரஸ் குறைவாக இருந்தாலும் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். லேபுக்குப் போன் போட்டு, இரத்தம் உறைந்தபின் மேலே பிரிகிற சீரம் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டேன். தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டியது அது.

"செவப்பாத்தானுங்க மேடம் இருந்துச்சு. மலையில இருந்து வர்றது பாதி அப்படித்தானுங்க வருது" என்றார் அங்கிருந்த பெண்.

வெள்ளையன் முகம் வாடிவிட்டது. "தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"இல்லீங்க அண்ணா. பிரியத்துல செஞ்சீங்க. இன்னொரு தடவை எடுப்போம்" என்றேன்.

இந்த முறை இரத்தத்தை ஐஸ் படாமல் தானாகக் கட்டியாக உறையவிட்டு, சீரத்தை மலையிலேயே பிரித்து, துணி சுற்றிக் குளிர்ப் பெட்டியில் வைத்து நானே பஸ் ஏறினேன். மலைப்பாதை எனக்கு ஆகாது. வழியெல்லாம் வாந்தி. பெட்டியை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. வந்த முடிவில் நொதிகள் கொஞ்சம்தான் கூடியிருந்தன. படுத்த மாட்டுக்கு அது சகஜம். பாஸ்பரஸ்தான் அடியில் கிடந்தது. அதற்கு மருந்து உண்டு.

மறுநாள் காலையில் மருந்தை ஏற்றினேன். பொழுது சாய்வதற்குள் செவலை பின்னங்கால்களை ஊன்றியது, தடுமாறியது, மறுபடி ஊன்றி நின்றேவிட்டது. சின்னப்பொண்ணு ஓடிப்போய்க் கன்றை அவிழ்த்துவிட்டார். அது முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்து நாங்கள் மூவரும் அழுதோம். படித்தவள் என்ற கெத்தெல்லாம் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

இப்போதெல்லாம் எந்த முடிவு வந்தாலும், அந்த இரத்தம் எப்படி வந்து சேர்ந்தது என்று முதலில் விசாரிக்கிறேன். அந்த முடிவைக் கேட்கப்போகிறவர்களுக்காக ஒரு நிமிடம் ஜெபிக்கிறேன். எல்லா மாடும் எழுவதில்லை. எழாத நாளிலும் ஆண்டவர் கூடவே நிற்கிறார் என்பதையும் கண்டிருக்கிறேன்.

உங்கள் கையிலும் பயமுறுத்துகிற முடிவு ஒன்று இருக்கலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆண்டவரிடமும் கேளுங்கள். எனக்குக் கேட்கவே தோன்றாமல் இருந்தது. அப்பா, ஒரு மாட்டுக்காக ஜெபிக்க என்னை முழங்காலில் நிறுத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம்.