செஞ்சோற்றுக்குப் பயந்த சின்னையா

மலாயாவில், கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், துரை பங்களாவுக்குச் சமையல்காரர் சின்னையா. குசினிக்குள் பாம்பு வந்தால் வாலைப் பிடித்து வெளியே வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு குழம்பைத் தாளிக்கிற ஆள். அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போன கோளாறு.

பங்களா கூடத்தில் இரண்டு கவசங்கள் நின்றன. ஒன்று துரையின் நாட்டு இரும்புச் சட்டை. மற்றது சிங்கப்பூரில் ஒரு ஜப்பான்காரரிடம் வாங்கியது. பட்டுக் கயிற்றில் கோத்த சின்னச் சின்னத் தகடுகள், மீசை வைத்த முகமூடி, இடுப்பில் ஒரு குட்டை வாள். துரை தனியாள். கூலிகளை மேய்ப்பதற்காகப் படித்த தமிழில், விருந்தாளி வராத நாளெல்லாம் சின்னையாவிடம்தான் பேசுவார்.

“இந்த ஆளு நைட், எங்க நாட்டு குதிரை வீரன். ராஜா இவனுக்கு நெலம் குடுக்கும், உழுறதுக்கு ஆளும் குடுக்கும். இவன் ராஜா கையிலே கை வெச்சு சத்தியம் பண்ணும், குதிரை ஏறி சண்டை போடும். ராஜா அநியாயம் பண்ணினா சத்தியம் போச்சு. எதிரி புடிச்சா வீட்டுக்காரன் பணம் கட்டும், இவன் திரும்பி வந்து நல்லா சாப்பிடும்.”

“அந்த மீசைக்காரருங்க, தொரை?”

“அவன் சாமுராய். அவனுக்கும் எஜமான் உண்டு, சண்டை உண்டு. ஆனா நெலம் இல்லே, வருஷா வருஷம் அரிசி அளந்து குடுக்கும். எதிரி கையிலே மாட்டினா பெரிய வெக்கம். எஜமான் செத்தா, சில பேர் வயித்தைக் கிழிச்சுக்கிட்டு கூடவே போகும்.” துரை சிரித்தார். “நீயும் என் அரிசி தின்னுது. நீ என் சாமுராய்!”

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. சின்னையா குசினிக்கு ஓடிவிட்டார். கூடச் சாகும் அந்த வழக்கத்தைப் பின்னால் அவர்கள் நாட்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள் என்று துரை தொடர்ந்து சொன்னார். கேட்கத்தான் ஆள் இல்லை.

வேறொருவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். சின்னையாவின் ஊர் எல்லையிலோ ஒரு கல் உண்டு. அதில் செதுக்கியிருப்பது, அரசனுக்காகத் தன் கழுத்தில் தானே வாளை வைத்து உயிரைக் கொடுத்த வீரன். வருஷா வருஷம் அவனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அந்த ஊர்க்காரருக்கு இது வேடிக்கையாகவா படும்? மாதாமாதம் ஸ்டோரில் அளந்து போட்ட அரிசி அன்றிலிருந்து அவர் தொண்டையில் இறங்கவில்லை. துரை தும்மினால் இவருக்கு வியர்த்தது.

அந்த வருஷக் கடைசியில் துரைக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் ஆள் பாதியானார். கிள்ளானிலிருந்து வந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

“ரவாங் தோட்டத்துல எங்கண்ணன் வேலை இருக்குன்னு சொல்றாரு, போயிருவோம்லா,” என்றாள் மனைவி நல்லம்மாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

சின்னையாவுக்கும் ஓடிவிடத்தான் ஆசை. உயிர் வெல்லக்கட்டி அல்லவா! ஆனால் தின்ற சோறு காலைக் கட்டியது. “உப்பப் போட்டவரு படுத்துக் கெடக்காரு, எப்படி விட்டுட்டு வர்றது?” என்று மட்டும் சொன்னார்.

கஞ்சியைப் புகட்டும்போதெல்லாம் துரை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். “போகாதே, சின்னையா. பயமா இருக்கு.” சாவுக்கு அஞ்சிய மனிதர் துணைக்குக் கேட்டது அது. கூடவே வரச் சொல்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் துரை போய்விட்டார்.

சின்னையா குளித்தார், விபூதி பூசினார். மீசைக்காரன் இடுப்பிலிருந்த குட்டை வாளை எடுத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். துரை படுத்தபோதே கம்பெனி அனுப்பிவைத்த புது மேனேஜரோடு உள்ளே வந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீரசிங்கம் திகைத்து நின்றார்.

“ஐயா, எந்தப் பக்கம் கீறணும்? தொரை சொல்லித் தரலீங்க.”

வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். “உமக்கென்ன விசரே? வாளை வையும்! புதுத் துரைக்குச் சீனச் சமையல்காரன் இருக்கிறான். நாளைக்குள்ள அறையை ஒழிச்சுக் குடுத்துப்போட்டுப் போம்.”

அவ்வளவுதான். அவர் உயிரை யாரும் கேட்கவில்லை, அவரும் யாருக்கும் தேவைப்படவில்லை.

வாளோடு நின்ற செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்லம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“அப்போ சாகத்தான் நின்னியா?”

“தொரை அரிசியத் தின்னதுக்கு,” என்று தலையாட்டினார்.

“அந்த அரிசிய நீ மட்டுமா தின்னே? நானுந்தானே தின்னேன்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாய்யா?”

அவர் மார்பில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்து, அவர் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதாள்.