தலையாட்டியைக் கழற்றி வைத்தவர்

டொமினிக் அண்ணன் இறந்த செய்தி எனக்குச் சலவை அறையில் வந்து சேர்ந்தது. எங்கள் கட்டடத்தின் நிலத்தடியில் துணி காயக் காத்திருந்தேன். மூன்றாம் மாடி அக்கா படியில் நின்றபடியே சொன்னார்: "உங்கட துறைமுகத்து அண்ணை விடியப் போயிட்டாராம். நெஞ்சு நோவாம்." நான் துணியை எடுத்து, மடித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த பிறகுதான் உட்கார்ந்தேன். அதற்குள் சின்னவள் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். அதனால் அன்று நான் அழவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவர் மனைவி றீற்றா அக்கா கேட்டிருந்தார். சின்னவளுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. மலர் அச்சாகி வந்துவிட்டது. தேவாலயத்தில் அவர் பாடியது, புதிதாக வந்த அகதிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது, துறைமுகக் கிடங்கில் இருபது பேருக்கு வேலை வாங்கித் தந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. மான் மட்டும் இல்லை. அதை எழுதவேண்டியவள் நான்தான். அவருடைய படச்சுருள்களைக் கழுவியவள் நான். தாமதத்துக்கு அக்கா மன்னிக்கவேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் லாசால் பகுதியில், ஒரு மணி நேரத்தில் படம் கழுவித் தரும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். திருச்சியில் தாவரவியல் படித்தவள் மொன்றியலில் பிறந்தநாள் கேக்குகளையும் நாய்க்குட்டிகளையும் அச்சிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது என் மகன் கதிருக்கு மூன்று வயது. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வீட்டில் என் முகத்தைப் பார்த்தபடி நாலைந்து சொற்கள் சொல்வான், அவ்வளவுதான். காலையில் அவனை விட்ட பிறகு கார்டெரியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அரைமணி நேரம் நின்று, அவன் உதடு அசைகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ஓடிப்போய் பஸ் பிடிப்பேன். அந்தச் செப்டம்பரில்தான் டொமினிக் அண்ணன் முதல் சுருளோடு வந்தார்.

முப்பத்தாறு படம். பன்னிரண்டில் மான்கள் இருந்தன. மீதி வெறும் காடு. காலிப் படத்தை அச்சிடாமல் தாண்டிவிடுவது எங்கள் கடை வழக்கம். அதை நான் கருணையோடு கடைப்பிடித்தேன். அவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மிச்சம் எங்க புள்ள?"

"மத்ததுல ஒண்ணுமே இல்ல சார். வெறும் மரம். அதான் விட்டுட்டேன்."

"சாரோ? கிடங்கில பெட்டி ஏத்துறவன் நான். அண்ணன் எண்டு சொல்லு." தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த வெறும் மரத்தைத் தா. பெரியவர் அதுக்குள்ளதான் நிக்கிறார்."

பெரியவர் என்பது ஒரு கிடாமான். நகரத்துக்குத் தெற்கே, எல்லைப் பக்கம், அவரோடு வேலை செய்த கெபெக் மாகாணத்துக்காரர் ஒருவருக்குக் காடு சேர்ந்த காணி இருந்தது. அங்கே வேட்டைக்கு ஆறு பேர் போவார்கள். ஐந்து பேர் பிரெஞ்சுக்காரர்கள், ஆறாவது ஆள் மட்டக்களப்பாரான இவர். மானின் தடத்தில் ஒரு மரத்தில் அவர் தன் பழைய கேமராவைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டியிருந்தார். சூடான உடம்பு எதுவும் எதிரே கடந்தால் அது தானாகவே படம் பிடிக்கும்; படத்தின் மூலையில் நாளும் நேரமும் விழும். பெரியவருக்கு ஆண்டுதோறும் கொம்பு உதிர்ந்து முளைத்தாலும் இடக்கொம்பு மட்டும் கோணலாகவே வரும். அதைக்கொண்டுதான் அடையாளம்.

பிறகு எல்லாப் படங்களையும் அச்சிட்டேன். அவர் அவற்றை மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்புவார். செப்டம்பரில் மாலை ஐந்து மணிக்குப் பெரியவர் நெஞ்சு நிமிர்த்தி நின்ற படங்கள் இருந்தன. அக்டோபரில் காட்டுக்குள் ஆள் நடமாட்டம் தொடங்கியதும் அவர் காணாமற் போனார். இளங்கிடாய்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்து பளிச்சென்ற வெளிச்சத்தில் முகத்தைக் காட்டிவிட்டுப் போயின. பெரியவர் சுடப்பட்டுவிட்டார் என்று மற்ற ஐவரும் முடிவு கட்டினார்களாம். டொமினிக் அண்ணன் ஒரு காலிப் படத்தை என் பக்கம் தள்ளினார். இரவு இரண்டே கால் என்று போட்டிருந்தது. ஓரத்தில், விரல் நகமளவு, ஒரு கொம்பு நுனி.

"ஊரை விட்டுப் போகல்ல. நேரத்தை மாத்தியிரிக்கார். நடைய அம்பது அடி அங்கால, சதுப்புக்குள்ள மாத்தியிரிக்கார். நான் கிழமைக்குக் கிழமை சுருள் மாத்தப் போறன்தானே, என்ர மணம் அந்த மரத்தில கிடக்கு. தலையாட்டிய வச்சது ஆரெண்டு அவருக்குத் தெரியும்."

தலையாட்டி என்றால் என்ன என்று கேட்டேன். தமிழ்நாட்டுக்காரிக்கு அது தெரிய நியாயமில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். போர்க்காலத்தில் ராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைப்பார்களாம். முகத்தை மூடிய ஒருவனை வண்டிக்குள் உட்காரவைத்து, பிடித்த ஆண்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்துவார்களாம். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் வீடு திரும்புவதில்லை. அப்படி ஒரு நாள் அவர் பற்றைப் புதருக்குள் குந்தியிருந்தார். பத்தடியில் சப்பாத்துக் கால்கள் போயின. பக்கத்தில் இருந்தவன் பொறுக்கமுடியாமல் எழுந்து ஓடினான்.

"ஓடினவன் போயிட்டான் புள்ள. அசையாம இருந்தவன் இப்ப உன்னட்டப் படம் கழுவ வந்திரிக்கான்."

அந்த வாரம் கார்டெரியில் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். கதிரைப் பரிசோதிக்க ஒரு மருத்துவமனையில் நாள் வாங்கியிருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான்களோடு ஓர் அறையில் விட்டு, கண்ணாடிக்கு மறுபுறமிருந்து பார்ப்பார்கள். பிறகு மற்றச் சோதனைகள். வேறு யாரிடமும் சொல்லத் தெரியாமல் டொமினிக் அண்ணனிடம் சொன்னேன்.

"கண்ணாடிக்கு அங்கால ஒளிச்சிருந்து பாக்கிறதோ?" என்றார். முகம் மாறிவிட்டது. "வேணாம் புள்ள. பாக்கப் பாக்க அவன் உள்ளுக்குத்தான் போவான். நீ கதவில நிக்கிறதையும் விடு. தானா வருவான்."

அன்றைக்கு அது எனக்கு மருந்து மாதிரி இருந்தது. மகனுக்குக் குறையில்லை, என் கண்தான் குறை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன் போல. மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்து அந்த நாளை ரத்து செய்தேன். கணவரிடம் கேட்கக்கூட இல்லை.

நவம்பரில் துப்பாக்கிப் பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் வந்தார். சுருள் இல்லை. கேமராவைக் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டாராம்.

"வேட்டை வேற. காட்டிக்குடுக்கிறது வேற."

"அப்ப சுடறது மட்டும் பரவாயில்லையா அண்ணா?"

"சுடுறதெண்டா நானும் குளிரில குந்தி இருக்கணும். அவருக்கு மூக்கு இரிக்கி, காது இரிக்கி. ரெண்டு பேருக்கும் சமம்."

"அவருகிட்ட துப்பாக்கி இல்லையே."

"அதுக்குத்தானே ஆண்டவர் எனக்கு இந்தக் குறியத் தந்தவர்," என்றார். "றீற்றாட்டக் கேட்டுப் பார். போன வருசம் ஒரு மரத்தைச் சுட்ட நான்."

அந்தப் பருவத்தில் அவர் பெரியவரைப் பார்த்தார். அதை எத்தனை பேரிடம் சொன்னாரோ, என்னிடம் மூன்று முறை சொன்னார். பகல் பதினொன்றரை. மற்ற ஐவரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இவர் தன் வண்டிக்குத் திரும்பி, துப்பாக்கியைச் சட்டப்படி உறையில் போட்டு மூடிவிட்டு, றீற்றா அக்கா கொடுத்துவிட்ட பாண் ரொட்டியையும் மாசிச் சம்பலையும் பிரித்து ஒரு கடி கடித்தார். வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி இடுப்பளவு காய்ந்த புல். அதற்குள்ளிருந்து, இருபதடி தூரத்தில், கோணல் கொம்பு எழுந்தது.

"ஆறு பேர் நாள் தவறாம அவருக்குப் பக்கத்தில வண்டிய நிப்பாட்டி, கதவை அடிச்சுச் சாத்தி, அவரைத் தேடிக் காட்டுக்குள்ள போயிரிக்கம். அவர் இஞ்ச படுத்துக்கொண்டு எங்களை எண்ணியிரிக்கார்."

"அப்புறம்?"

"என்னைப் பாத்தார். நான் சம்பலைப் பாத்தன். நடந்து போனார் புள்ள. ஓடல்ல."

பெரியவர் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. டிசம்பரில் ஓர் இளங்கிடாய் கிடைத்தது. அதில் ஒரு தொடையைத் தாளில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் மான் சாப்பிடமாட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; வாங்கி வைத்துக்கொண்டேன். கதிர் தரையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கார் பொம்மைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் என் கை தவறிக் குக்கர் மூடி விழுந்தது. எட்டிப் பார்த்தேன். டொமினிக் அண்ணன் கையில் இருந்த தேநீர் தளும்பிக் கால்சட்டையில் சிந்தியிருந்தது. கதிர் அடுத்த காரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சத்தமில்லாமல் எழுந்து, கதிருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, சாவிக்கொத்தை இடது பக்கம் குலுக்கினார். பிறகு வலது பக்கம். அதன் பிறகு சுற்றி வந்து அவன் முன்னால் குந்தினார். முகத்தைக் கண்டதும் கதிர் சிரித்து, "மாமா" என்றான்.

நான் எப்போதும் அவன் முன்னால் போய், குனிந்து, முகத்துக்கு நேரே பேசுகிறவள். இரண்டு ஆண்டுகளாக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாளும் காதைப் பார்க்கவில்லை.

"மானெண்டா முதல்ல காது திரும்பும், பிறகுதான் தலை திரும்பும்," என்றார். "இவன் ஒளிச்சிருக்கல்ல புள்ள. இவனுக்குக் கேக்கல்ல. நான் மானைப் பாத்த கண்ணால இவனைப் பாத்திட்டன். பிழை சொல்லிப்போட்டன். நாளைக்குக் காலம வெளிக்கிட்டு நில்லு."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை மறைக்கப்போவதில்லை. இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் எத்தனை சொற்கள் அவனைத் தாண்டிப் போயிருக்கும் என்று எண்ணினேன். அவர் போகும்போது வாசல்வரை போய் நான் வழியனுப்பவில்லை.

மறுநாள் கிடங்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு வண்டியோடு கீழே நின்றார். மருத்துவமனை மேசையில் இருந்த பெண் கோப்பைத் திறந்து பார்த்தார். அக்டோபரில் குடும்பத்தாரே ரத்து செய்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்டார். இனி மே மாதம்தான் இடம் என்றார். கேட்ட குரலில் கடுமை இல்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கதிர் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தான்.

டொமினிக் அண்ணன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "லா ஃபோத், செ முவா, மதாம்," என்றார். பிழை என்னுடையது. அம்மா வரத்தான் இருந்தார், வேண்டாமென்று தடுத்தது நான் என்று, தனக்குத் தெரிந்த துறைமுகப் பிரெஞ்சில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். நீங்கள் பிள்ளையின் தகப்பனா என்று அந்தப் பெண் கேட்டார்.

"நோ, மதாம். வேட்டைக்காரன்," என்று பிரெஞ்சில் சொன்னார்.

அந்தப் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டு பேரேட்டைத் திரும்பப் புரட்டினார். ஜனவரியில் யாரோ விட்டுக்கொடுத்த ஒரு காலை நேரம் இருந்தது.

கதிரின் இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கட்டியிருந்தது. சிறிய குழாய்கள் வைத்தார்கள். இப்போது அவனுக்கு ஏழு வயது. வகுப்பில் ஓயாமல் பேசுகிறான் என்று ஆசிரியை மாதம் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்புகிறார். அவற்றை நான் பத்திரப்படுத்துகிறேன்.

அண்ணனை அறிந்தவர்கள் ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள்: பாட்டை, சிரிப்பை, அந்த மரத்தைச் சுட்ட கதையை. நான் வைத்திருப்பது அந்த மருத்துவமனை மேசைக்கு முன்னால் அவர் சொன்ன முதல் வாக்கியம்: பிழை என்னுடையது. தாயாகிவிட்டவள் அந்த வாக்கியத்தை எந்நேரமும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் திரிகிறாள். காய்ச்சலுக்கும் அதுதான், விழுந்து எழுந்த காயத்துக்கும் அதுதான். அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.