விடுமுறைக் காய்ச்சல்

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் ரோலர் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. ஈர விரிப்பின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் விடுவதில் பதினோரு வருட அனுபவம். வாயும் அந்த உருளை அளவுக்குச் சூடு. ஒழுங்கு என்று வந்துவிட்டால் மேனேஜரையே ஒரு பிடி பிடித்துவிடுவாள்.

அரசு விடுமுறை நாட்களில் ரோலர் பிரிவு ஓடாது. கூட வேலை பார்ப்பவர்கள் அவர்கள் பாட்டுக்கு வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். அக்கா மட்டும் முதல் நாளே லீவு லெட்டர் கொடுத்துவிடுவாள்.

"மெஷினுக்கு லீவு விட்டா நமக்கும் விட்டதா அர்த்தமா? சொல்லாமக் கொள்ளாம நிக்கிறது நல்லாவா இருக்கு?" என்று மற்றவர்களுக்கு ஒரு குட்டும் வைப்பாள்.

லெட்டரை எழுதியது அவளுடைய மகள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது முத்து முத்தான கையெழுத்தில், 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்று பள்ளிக்கூடப் பாணியிலேயே எழுதி, தேதிக்கு இடம் விட்டுக் கொடுத்திருந்தாள். அக்கா அதை இருநூறு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள். விடுமுறைக்கு ஒன்று. பழைய சூப்பர்வைசர் எதையும் படித்துப் பார்க்கிற ரகமில்லை. கையெழுத்துப் போட்டு ஆபீசுக்குத் தள்ளிவிடுவார். அங்கே அவளுடைய பதினாலு நாள் வருட லீவில் ஒன்று கழியும்.

அந்த மகளுக்குத்தான் இப்போது தலைப்பிரசவம். மருமகனுக்குக் கப்பலில் வேலை. பிள்ளை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் கரையிறங்குவான்.

"அதுவரைக்கும் நீ கூட இருப்பல்லம்மா?" என்று மகள் போனில் கேட்டாள்.

"பின்னே?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள் அக்கா. போனை வைத்ததும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பல் பிடுங்க எடுத்த இரண்டு நாளும் போக, இந்த வருடக் கணக்கில் மிச்சம் நாலே நாள்.

தயங்கித் தயங்கி ஆபீசுக்குப் போனாள். புதிதாக வந்திருந்த பெண் கிளார்க் கோப்பைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் நெற்றி சுருங்கியது. சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஏதாவது பெரிய வியாதியா?"

"எனக்கா? தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்ல."

"அப்புறம் எப்படிக்கா, அரசு விடுமுறை வந்தாப் போதும், தவறாமக் காய்ச்சல் வருது? பதினோரு வருஷமா?"

"லீவு வேணும்னா லெட்டர் குடுக்கணும்ல மேடம்?"

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த நாளுக்கெல்லாம் யாருமே லெட்டர் தர வேண்டாம்க்கா. சம்பளத்தோடவே லீவு. வருஷ லீவு வேற, இது வேற. இந்த வருஷம் மட்டும் எட்டு நாள் தப்பாக் கழிச்சிருக்காங்க. அதைத் திருப்பிச் சேர்த்தா உங்களுக்குப் பன்னெண்டு நாள் இருக்கு."

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு மகளின் பட்டமளிப்பு விழா ஞாபகம் வந்தது. லீவு தீர்ந்துவிட்டதென்று அன்று ரோலர் முன்னால் நின்றிருந்தாள். கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தைச் சாயங்காலம் மகள் கொண்டுவந்து காட்டினாள். யாரைத் திட்டுவதென்று தெரியாமல் தன்னையே ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள்.

"பழைய வருஷத்து நாளெல்லாம் மேடம்?"

"மேலே எழுதிப் போடுறேன்க்கா. கெடைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது. ஆனா இந்தப் பன்னெண்டு நாள் உறுதி. இதுக்கு மட்டும் ஒரு லெட்டர் குடுங்க."

அக்கா பழக்க தோஷத்தில் பையிலிருந்து ஜெராக்ஸ் ஒன்றை உருவினாள். மகளின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி, வெறும் பின்பக்கத்தில், கோணல்மாணலாகத் தானே எழுதினாள்:

'ஐயா, எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறேன். என் மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. நான் பக்கத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் வர மாட்டேன்.'