வாயால் சொன்ன எடை

எடையைப் பொறுத்து அளவு மாறும் எந்த மருந்தையும் கொடுக்கும் முன் நோயாளியை எடைபோட வேண்டும். வாயால் சொல்லும் எடையை எழுதக் கூடாது. விதி இவ்வளவுதான். பிரசவ வார்டில் முப்பத்தோரு வருடம் சிஸ்டராக இருந்த நான், புதிதாக வந்த ஒவ்வொரு தாதிக்கும் இதைச் சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கிறேன். பிரசவித்த மகளைக் கவனித்துக்கொள்ளும் அம்மாக்கள், அந்த விதியை நானே எப்படி மீறினேன் என்று படித்துவிடுவது நல்லது.

தலைப்பிரசவத்துக்காக என் மகள் சுகன்யா ரெம்பியா என்ற ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். வலி எடுத்து மருத்துவமனைக்குப் போனோம். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே அறுவைச் சிகிச்சை என்றார்கள். அவளால் எழுந்து எடை மெஷினில் நிற்க முடியவில்லை. மாதாமாதம் எடை பதிந்த பிங்க் புத்தகம் மருமகன் கதிரவனின் காரில் இருந்தது. கார் அவரோடு, அவர் வேலை பார்க்கும் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் இருந்தது.

வார்டில் இருந்த தாதி தேவி, ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள்.

"சுகன்யா வெயிட் எவ்வளோ, சிஸ்டர்?"

"எண்பத்தி நாலு," என்றேன். முந்தின வாரம்தான் மகள் அப்படிச் சொல்லியிருந்தாள்.

தேவி எழுதிக்கொண்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அப்புறமாவது எடைபோட்டுச் சரிபார்த்திருப்பாள். சொன்னது சிஸ்டர் ஆயிற்றே. அளவுக்கு மிஞ்சிய மரியாதைக்கும் பக்கவிளைவு உண்டு என்று நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

பெண் குழந்தை, நல்ல குரலோடு பிறந்தது. தாய்க்குத் தினம் எனோக்ஸபரின் (இரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் ஊசி) போட்டார்கள். எண்பத்து நான்கு கிலோவுக்கான அளவு. அதையே வீட்டிலும் தொடரச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் காலை, சுகன்யா வாசலில் நின்றபடி கூப்பிட்டாள்.

"ம்மா, இந்தக் கால் மட்டும் சிலிப்பருக்குள்ள போமாட்டேங்குது லா."

இடது கால். கெண்டைக்கால் சூடாக, இறுகியிருந்தது. "கார எடுக்கச் சொல்லு," என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை. அதிலேயே அவள் பயந்துவிட்டாள். நான் குறைவாகப் பேசி அவள் பார்த்ததில்லை.

டாப்ளர் ஸ்கேனில் (நாளத்தில் இரத்தம் ஓடுவதை ஒலி அலையால் காட்டும் சோதனை) உறைகட்டி தெரிந்தது. அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். எத்தனையோ குடும்பங்களிடம் நான் சொன்ன வாக்கியம்தான். அன்று அதைக் கேட்கும் இடத்தில் நான் இருந்தேன்.

டாக்டர் கோப்பைப் பார்த்தார், சுகன்யாவைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார். "இந்த எடையை யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கவில்லை. நான் சொன்னேன்," என்றேன்.

எடை மெஷினைத் தேவி தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ம்மா, அந்தப் பக்கம் திரும்புங்க!"

திரும்பினேன். தேவி உரக்கவே படித்தாள். குழந்தை வெளியே வந்த பிறகும் தொண்ணூற்றாறு.

"ஏன்டி பொய் சொன்ன?"

"உண்மைய சொன்னா அன்னிக்கே என் சோத்துல பாதிய எடுத்திருப்பீங்க. எந்த மக அம்மாகிட்ட சரியான வெயிட் சொல்லுவா?"

தேவி சிரித்தாள், பிறகு அழுதாள். சரியான அளவு கொடுத்திருந்தாலும் கட்டி வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நேர்மையான பதில். எனக்கு ஆறுதலாக இல்லை.

நான்கு நாள் கழித்து வீடு திரும்பினோம். உண்மையான எடைக்கேற்ற ஊசி, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும். ஒருவர் போட, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கக் கதிரவனை நியமித்தேன். தொழிற்சாலையில் சரிபார்த்துப் பழகியவர், ஊசியைக் கையில் வைத்துச் சத்தமாகப் படிப்பார்.

"பேரு சுகன்யா. மருந்து சரி. அளவு சரி. வெயிட் தொண்ணூ..."

"அத மட்டும் மெதுவா சொல்லுங்க லா! பக்கத்து வீட்டு ஆண்டிக்குக் கேக்கும்!"

தினமும் தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தேன். மூன்றாவது வாரம் இரண்டும் சமமாயின. அன்று அந்தச் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு அவள் பசார் வரை நடந்து, எனக்கும் சேர்த்து அப்பம் வாங்கி வந்தாள். அவள் எத்தனை தின்றாள் என்று நான் எண்ணவில்லை.

மருத்துவமனைக்குப் புகார் எழுதினேன். எடைபோடாமல் எழுதியது வார்டின் தவறு, எடைபோடாமல் சொன்னது என் தவறு, இரண்டையும் பதிவு செய்யவும் என்று. தன் மீதே புகார் கொடுப்பவருக்கு எந்தப் பிரிவு பதில் எழுதும் என்பதில் குழப்பம் போலும். மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன்.

பதில் ஒரே பக்கம். இனி எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'அளந்தது', 'கேட்டது' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். 'கேட்டது' என்றால் ஒரே நாளுக்குள் அளந்தாக வேண்டும், சொன்னவர் யாராக இருந்தாலும்.

படித்துவிட்டு என் கிளினிக் அட்டையை எடுத்தேன். பத்து வருடமாக அதில் என் எடை ஐம்பத்தெட்டு. எல்லாம் நான் சொன்னதுதான். சுகன்யாவை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு மெஷினில் ஏறினேன். அவள் திரும்பவில்லை. அறுபத்தேழு.

பதில் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்பவர்களுக்கு: இந்த வீட்டில் இப்போது தேதி கிடையாது, காலை ஆறும் மாலை ஆறும்தான். பாப்பா முதன்முதலாகக் குப்புற விழுந்த வெள்ளிக்கிழமை, காலை ஊசிக்குப் பிறகு, பதில் வந்தது.