ஆஸ்டினில் ஒரு வாய் போர்ட்டர்

ஆஸ்டினில் நல்ல பீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அதை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் இருந்த தமிழ் ஆட்கள் அந்த நாளில் என்னைத்தான் கை காட்டுவார்கள். கோவிலுக்கு வழி சொல்ல ஒருவர், கறிவேப்பிலைச் செடிக்கு ஒருவர், கிரீன் கார்டுக்கு ஒருவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தது. பீர் என் இலாகா.

உண்மையைச் சொன்னால் அது என் ஒருவனுடைய இலாகா இல்லை. ஆபீஸில் பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து வேலை பார்த்த கோபிக்காரன் ஒருவனுக்கு அதில் சரிபாதி. நான் விருதுநகர்ப் பக்கம். ஊரில் எங்கள் இருவருக்கும் தெரிந்த பீர் ஒரே வகைதான்: ஒயின் ஷாப்புக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் நின்றபடி, தெரிந்தவர் யாராவது வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே மளமளவென்று உள்ளே இறக்குவது. அதில் ருசி என்று ஒன்று இருப்பதாக எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

டெக்சாஸில் கடையிலேயே பீர் காய்ச்சி அங்கேயே விற்கலாம் என்று சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. புதிதாக ஒரு கடை முளைக்கும், அடுத்த மாதமே இன்னொன்று மூடும். முதல் தடவை போனபோது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரச் செப்புப் பானைகளைப் பார்த்து அவன் அசந்து போனான். பரிமாற வந்த பெண்ணிடம் எது ஸ்ட்ராங், எது நல்லா சில்லென்று இருக்கும் என்று இரண்டே கேள்விதான் கேட்டான். அவள் எங்கள் மேல் இரக்கப்பட்டு, ஆறு சின்னத் தம்ளர்களில் ஆறு வகையை ஒரு பலகையில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்று கருப்பட்டிக் காப்பி நிறம், ஒன்று நீராகாரம் மாதிரி கலங்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி இருந்தது.

அன்றைக்கே பேப்பர் நாப்கினில் மார்க் போட ஆரம்பித்துவிட்டோம். இன்ஜினியரிங் காலேஜ் புத்தி எங்கே போகும்? நூற்றுக்கு எவ்வளவு என்று போடுவது. ஐம்பதுக்குக் கீழே போனால் அரியர். அரியர் விழுந்த கடைக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி போய் இன்னொரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியே குடித்துப் பார்த்துப் போட்டால்தான் மார்க் செல்லும்; ஒருவன் மட்டும் போட்டது செல்லாது. இந்தச் சட்டத்தை எழுதியவன் நான். சட்டம் பேசிக் கழுத்தை அறுப்பவன் என்று பேர் வாங்கியவனும் நான்தான். திங்கட்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி, பிரின்ட் எடுத்து, ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்குக் கொடுப்போம்.

ஆற்றுக்குப் பக்கத்துக் கடையில் கோதுமை பீர் குடிக்க வேண்டும். இரண்டு பேர் மார்க்கும் எழுபதுக்கு மேல். ஆனால் பாலத்தடியிலிருந்து வௌவால்கள் கிளம்புவதை வேடிக்கை பார்க்கிற கூட்டம் சேர்வதற்குள் எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காரை வெளியே எடுக்க முடியாது. தெற்கே பழைய மெக்கானிக் ஷெட்டில் நடந்த கடையில் பீர் சுமார்தான், ஆனால் ஓக் மரத்தடியில் பெஞ்ச் உண்டு. கேட்டால் உருளைக்கிழங்கு வறுவல் மேல் மிளகாய்த்தூளைத் தாராளமாகத் தூவித் தருவார்கள். ஃப்ரீவே ஓரத்தில் ஒன்று இருந்தது, அங்கே போகவே போகாதீர்கள் என்று ஷீட்டிலேயே அவன் எழுதி வைத்தான். ஏழு டிவி, ஒரு நல்ல பீர் கிடையாது. நான்காவது, ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த கடை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் அப்போது தனியாள். அவனுக்கு மனைவியும் நான்கு வயதில் ஒரு பெண் குழந்தையும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அவன் வீட்டில்தான் சாப்பாடு. அவன் மனைவி அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருப்பாள், போதும் என்றால் காதில் விழாது. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். சனிக்கிழமைகளைப் பற்றி அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும், தூக்கச் சொல்லி ஓடி வந்த குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்பா, யூ ஸ்மெல் பேட்" என்று சொல்லியிருக்கிறது. அவன் மனைவி சத்தம் போடவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்தி, "பாப்பா தலமேல கை வெச்சுச் சொல்லுங்க, இனித் தொட மாட்டேன்னு" என்றிருக்கிறாள். அவனும் கை வைத்துச் சொல்லிவிட்டான். அந்த மாதிரிச் சத்தியத்தை மீறினால் மீறியவனுக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைக்குத்தான் ஆகும். எங்கள் பக்கத்திலும் இதே கதைதான், இதை யாருக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் என்னோடு வந்தான். "நான் டிரைவ் பண்றேன், நீ குடி" என்பான். எலுமிச்சைச் சாற்றை வைத்துக்கொண்டு என் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பான். மூன்று வாரம் அப்படிப் போயிற்று.

நான்காம் வாரம் அந்தத் தண்டவாளக் கடைக்குப் போனோம். போர்ட்டர் என்ற கறுப்பு பீரில் முன்பு நாற்பத்திரண்டு வாங்கி அரியர் வைத்திருந்த கடை. பால் அடிப்பிடித்த வாசனை வரும். இப்போது காய்ச்சுகிறவர் மாறிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஜூலை மாதத்து மதிய வெயிலில் வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். அது வேறு பீர். சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினேன்.

"எழுபத்தஞ்சுடா. நீ ஒரு வாய் பாரு."

"வேண்டான்டா மாப்ள. பாப்பா தலமேல சத்தியம் பண்ணியிருக்கறேன்."

"குடிக்கவா சொல்றேன்? டேஸ்ட் பண்ணு. ஒரு ஆளு போட்ட மார்க் செல்லாது, தெரியும்ல?"

"நீயே ரெண்டையும் போட்டுக்க."

"அதெப்படி? பாவம், காய்ச்சுற அந்தாளு இவ்வளவு கஷ்டப்பட்டு அரியர் எழுதியிருக்கான். உன்னால மறுபடி ஃபெயிலாகணுமா?"

அவன் சிரித்துவிட்டான். தம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன். கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு ஒரு வாய் குடித்தான். "எழுபத்தெட்டு. உன்னவிட மூணு ஜாஸ்தி" என்றான். நாப்கினால் வாயைத் துடைத்தான். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை துடைத்தான். திரும்புகிற வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்திச் சூயிங் கம் வாங்கினான்.

"அவகிட்டச் சொல்லீராதடா."

"ஒரு வாய்க்கா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் காலையில், ஆபீஸ் பார்க்கிங்கில், காரை விட்டு இறங்கிய இடத்திலேயே விழுந்து செத்துப்போனான். முப்பத்துமூன்று வயது.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். ஆன்ட்டிகள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து அடுப்படியில் அடுக்கினார்கள். உடலை ஊருக்கு அனுப்புகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், அதனால் அழுவதற்கு நேரமில்லாமல் இருந்தது. மூன்றாம் நாள், ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்க அடுக்களைக்குள் போனேன். அவன் மனைவி தனியாக ஃபிரிட்ஜ்மேல் சாய்ந்து நின்றிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கொடுக்காமல் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, சத்தியம் பண்ணினதுக்கு அப்புறம் அவரு தொட்டாருங்களா?"

"தொடவே இல்லம்மா."

"நெசமாத்தானுங்களே?"

"நெசமா."

கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பப் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். அவள் எதைப் பற்றிக் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தவனின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுடைய விசாவில் வந்தவள் என்பதால், அவன் போனதோடு அவளுக்கும் இங்கே இருக்க வழியில்லாமல் போயிற்று. ஒரு மாதத்துக்குள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கோபிக்குப் போய்விட்டாள்.

நான் சனிக்கிழமைகளில் கடைகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஒரு தடவை தண்டவாளக் கடையில் தனியாக உட்கார்ந்து போர்ட்டர் சொன்னேன். பரிமாறுகிற பெண் போன தடவையை நினைவில் வைத்து ஒரு எலுமிச்சைச் சாற்றையும் கொண்டுவந்து எதிரே வைத்தாள். ஐஸ் கரைந்து தம்ளரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எதிரே இருந்தான். பேய் பிசாசு என்று நான் எதையும் நம்புகிறவன் இல்லை, ஆனாலும் இருந்தான். வேண்டான்டா மாப்ள என்று அவன் சொன்னது, சொன்ன அதே குரலில் காதுக்குள் கேட்டது. பயந்துபோய் எழுந்து வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் மார்க் ஷீட்டை ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் பிரின்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "சார், அந்தப் போர்ட்டர் சூப்பர். எழுபத்தெட்டு போட்டது யாரு? கரெக்டா போட்டிருக்காரு" என்றார். ஒரு ஃபிரெண்டு என்றேன்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை தாமதமாக என் விலாசத்துக்கு வந்தது, காகிதங்களையெல்லாம் என் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் அவள் போயிருந்தாள். இதயத்தின் தசை தடித்துப்போகிற வியாதி. ஒரு வாய் பீருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பரம்பரையாக வரக்கூடியது, குழந்தைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது என்று டாக்டர் கடைசியில் எழுதியிருந்தார். உடனே கோபிக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

அவள் பதறவே இல்லை. "பாப்பாவுக்கு ஒண்ணும் வராதுங்ண்ணா. அவரு சத்தியத்தக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்காருங்க."

"அது வேற, இது வேறம்மா. இது மெடிக்கல்."

"நீங்கதானுங்க சொன்னீங்க, தொடவே இல்லைன்னு."

மறு மாதம் மறுபடி சொன்னேன். அதற்கடுத்த மாதமும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதுவும் எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். புருஷனை இழந்த வீட்டில், மாமனார் மாமியார் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க அவளிடம் மிச்சமிருந்தது அந்தச் சத்தியம் ஒன்றுதான் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் அந்த ஒரு வாயைப் பற்றி மட்டும் சொல்லாமல் இருந்தேன். குழந்தையின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வருடம் ஓடியது. ஆபீஸில் யாராவது தங்கள் குழந்தையின் போட்டோவைக் காட்டினால்கூட எனக்கு வியர்க்கும்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை ஃபோன் செய்தபோது, ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்தில் பாப்பா மயங்கி விழுந்துவிட்டாள் என்றாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது எழுந்து விளையாடுகிறாள், கவலைப்படாதீங்க என்றாள்.

"அம்மா, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். அவன் குடிச்சான். ஒரு வாய்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. குழந்தை யாரிடமோ சுத்தமான கோபித் தமிழில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் போயிருந்தது.

"எப்பங்க?"

"சத்தியம் பண்ணி ஒரு மாசம்கூட ஆகல."

"அவராக் கேட்டுக் குடிச்சாருங்களா, யாராச்சும் குடுத்தாங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "அவனாத்தாம்மா" என்றேன். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்." அந்த இரண்டாவது வாக்கியத்தை என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஃபோனை வைத்துவிட்டாள்.

நான்கு நாள் கழித்து அவளுடைய தம்பி கூப்பிட்டார். கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க, ஹார்ட் நல்லா இருக்குதாம்" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் அது முடியும்வரை காத்திருந்துவிட்டு, தயங்கிக்கொண்டே சொன்னார்: "இனி நீங்க ஃபோன் பண்ண வேண்டாம்னு அக்கா சொல்லச் சொல்லுச்சுங்க. மாமா போட்டோவையும் செவுத்துல இருந்து கழட்டி உள்ள வெச்சிருச்சு. பாப்பா கேட்டதுக்கு எல்லாத்தையும் சொல்லிருச்சுங்க."

அந்தப் போட்டோவை மறுபடி மாட்ட வைக்க என் ஒரு வாக்கியம் போதும். தம்ளரை நகர்த்தியவன் நான், வேண்டாம் என்றவன் அவன். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. பல தடவை நம்பரை முழுக்கச் சுற்றி, மணி அடிப்பதற்குள் வைத்திருக்கிறேன். கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தை அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறாள், தன் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத் தானாகவே தேடிப் போய்க் குடித்தவர்தான் அப்பா என்று நம்பிக்கொண்டு. அவன் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.