நான்காவது தடத்தில் எண்ணியவள்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சுலேமாவை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிற ஆள் இல்லை. இது நடந்தது பரானா ஊரில், எங்கள் கிளப் நீச்சல்குளத்தில், செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். அதுவும் பட்டப்பகலில்.

பகல்தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் மதியத் தூக்க வேளையில்தான் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். கடைகள் மூடியிருக்கும், நாய்கூடக் குரைக்காது. அந்த நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடமாட்டோம். ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை.

சுலேமாவும் அவள் தோழி நெலிதாவும் பதினொரு வருடம் அந்த வேளையில்தான் நீந்தினார்கள். சுலேமா மூன்றாவது தடம், நெலிதா நான்காவது. சுவருக்குச் சுவர் ஒரு சுற்று, மொத்தம் நாற்பது. எண்ணுவது நெலிதாவின் பொறுப்பு. சுலேமாவுக்குப் பதினெட்டு தாண்டினால் கணக்கு தப்பிவிடும். மனசு அடுப்பில் வைத்த பாலுக்கும் மகளின் விவாகரத்துக்கும் ஓடிவிடும்.

"உன் மண்டைக்குள்ள சந்தைதான்டி நடக்குது. நீ சும்மா நீந்து, நான் எண்ணிக்கறேன்" என்பாள் நெலிதா. கடைசி ஐந்து வந்ததும் ஒவ்வொரு சுவரிலும் கையைத் தூக்கி, மிச்சம் எத்தனை என்று விரலில் காட்டுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை.

எங்கள் கிளப்பில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டரிடம் போக வேண்டும். கால்விரல் இடுக்கு, அக்குள் எல்லாம் பார்ப்பார். சந்தேகம் வந்தால் நெஞ்சிலும் குழாயை வைப்பார். கார்டில் முத்திரை இருந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம். ஜூலை மாதம் நெலிதா வந்து நின்றாள்.

"சுலே, உன் கார்டை ஒரு நாளைக்குக் குடு. விரல் இடுக்குல சேத்துப்புண். டாக்டர் பாத்தா துரத்திடுவாரு."

"என் மூஞ்சி உனக்கு இருக்கா?"

"குல்லா போட்டா எல்லாரும் ஒரே மூஞ்சிதான்டி."

சிரித்துக்கொண்டே கொடுத்தாள். கார்டு இல்லாததால் அன்று மதியம் சுலேமா வீட்டில் படுத்துத் தூங்கினாள். எழுந்தபோது செய்தி வந்தது. நெலிதா தண்ணீரிலேயே போய்விட்டாள். சேற்றுப்புண் எல்லாம் பொய். நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் முந்தின நாளே அவளுடைய கார்டை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருடத் தோழி. கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டாள். சுலேமா அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம். உறக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. "நீந்துங்க, மனசு அடங்கும்" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்ப வந்தாள்.

மணி இரண்டு பத்து. குளத்தில் வேறு யாரும் இல்லை. காவலுக்கு இருந்த பால்தோ நாற்காலியில் மாத்தே டீக் குவளையோடு கண் சொருகிக் கிடந்தான்.

ஒன்று… இரண்டு… மூன்று…

ஏழில் நெலிதா வந்தாள். மனசுக்குள்தான். ஏன் பொய் சொன்னாள்? என்னிடம் சொன்னால் என்ன? எண்ணிக்கை போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்தில் மறுபடியும் போனது. தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் திட்டு, வெளியே எடுத்தால் அழுகை.

அப்போதுதான் பக்கத்தில் சத்தம் கேட்டது.

சளக்… சளக்… சளக்…

நான்காவது தடத்தில் யாரோ நீந்தினார்கள். மஞ்சள் குல்லா. எப்போது இறங்கினார்கள் என்று தெரியவில்லை. யாராவது புது உறுப்பினராக இருக்கும் என்று நினைத்தாள். அந்தக் கை விழும் சீரில் தன் கையையும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. எண்ணவே இல்லை. எதையும் நினைக்கவும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்தாள். கை விழும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்கவில்லை.

ஒரு சுவரில் அந்தக் கை மேலே எழுந்தது. ஐந்து விரல். சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது.

கார்க்கதவில் நசுங்கி வளைந்த விரல். நெலிதாவின் விரல்.

சுலேமா வெளியே ஓடியிருக்க வேண்டும். நானாக இருந்தால் அலறியிருப்பேன். ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லை. 'வந்துட்டியாடி' என்றுதான் தோன்றியதாம். இரண்டு மாதத்தில் முதல்முறையாக மனசு அமைதியாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் அவளை முழுசாக மன்னித்துவிட்டாள்.

நான்கு விரல்.

மூன்று விரல்.

இரண்டு விரல். தோள் வலித்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே வலித்தது.

மூன்று விரல்.

தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாள். நெலிதாவுக்குக் கணக்கு தப்பாதே.

மறுபடியும் மூன்று.

மறுபடியும்… மூன்று.

நீச்சல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கடிகாரம் தெரியவில்லை. கை மரத்துப்போனது. ஒவ்வொரு சுவரிலும் அந்த மூன்று விரல் எழுந்தது. விரல் நுனிகள் வெளுத்து, நாள் கணக்கில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தன.

"நெலி… பொய் சொல்றே…"

சளக்… சளக்…

"இப்பவுமா…"

நடுக்குளத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மூழ்கினாள். கண்ணாடி நழுவியது. கண்ணைத் திறந்து நான்காவது தடத்தைப் பார்த்தாள்.

தண்ணீருக்கு மேலே கை விழுந்துகொண்டிருந்தது.

தண்ணீருக்குக் கீழே… உடம்பு இல்லை.

சளக்…

சளக்…

அவளை இழுத்துக் கரையில் போட்டது பால்தோ. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"என்னக்கா இது! கண் முழிச்சுப் பாத்தா இன்னும் போய்ட்டே இருக்கீங்க. ஒண்ணே முக்கால் மணி நேரம்! சாகவா வந்தீங்க?"

சுலேமா இருமினாள். நான்காவது தடத்தைக் கைகாட்டினாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"யாருமில்லக்கா. நீங்க ஒரு ஆளுதான்."

"அவதான்டா… தப்பா எண்ணினா… என்னைக் கொல்லப் பாத்தா…"

பால்தோவின் முகம் வெளுத்தது. துண்டை அவள் மேல் போர்த்தி, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. போலீஸ்ல சொல்லல. ஏன் எறங்கிக் காப்பாத்தலன்னு கேப்பாங்கன்னு பயந்துட்டேன்."

"என்ன?"

"அன்னைக்கு நெலிதாக்காவும் நாப்பதோட நிக்கல. போய்ட்டே இருந்தாங்க. தனியாப் பேசிட்டே நீந்தினாங்க, மூணாவது தடத்தைப் பாத்து. வெளையாடறாங்கன்னு நெனச்சேன்."

"மூணாவது… என் தடம்."

"ஆமா. மொதல்ல சிரிச்சாங்க. 'சுலே, கார்டு எங்கிட்டல்ல இருக்கு, நீ எப்படிடி உள்ள வந்தே?'ன்னாங்க. அப்புறம், 'இன்னைக்கு நீ எண்ணு, எனக்கு மூச்சு வாங்குது'ன்னாங்க."

சுலேமா துண்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கடைசியா என்ன சொன்னா?"

பால்தோ குளத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"'மறுபடியும் மூணு விரலா? இத்தன வருஷம் பழகிட்டு என்னை ஏமாத்துறியாடி, சுலே'ன்னு கேட்டாங்க."