பிரபாவதியின் இஞ்ச் டேப்

பள்ளிப்பட்டில் தையல் கடை வைத்திருக்கும் பிரபாவதி, ஏழு வருடமாக ஞாயிறுதோறும் ஏரியில் தூண்டில் போடுகிறாள். சிக்கும் விராலை இஞ்ச் டேப்பால் அளந்து, சினை இருந்தால் நோட்டில் குறித்துக்கொண்டு, தண்ணீரிலேயே விட்டுவிடுவாள்.

சினைக் காலத்தில் மீன்பிடிக்கத் தடை கேட்டு அவள் மனு கொடுத்தபோது, ஆதாரத்துக்கென்று அந்த நோட்டையும் மீன்வளத்துறை அதிகாரி வாங்கிக்கொண்டார். ஐப்பசியில் அவரே வந்து கரையில் பலகை நட்டார்: 'தூண்டில் போடத் தடை.' பத்தடி தள்ளி குத்தகைக்காரர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"வலைக்குத் தடை இல்லியா சார்?"

"அவரு ஏலம் எடுத்தவரும்மா. நீ பொழுதுபோக்குக்குத்தானே வர்ற?"

பிரபாவதி கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அவர் கையில் திணித்தாள்.

"அந்த வலையில துடிச்சிகினு கீற சினை மீனையெல்லாம் நீயே அள. நோட்டு உங்கிட்டதான கீது, எழுது!"